கடல் தாண்டாத கான்டாட்டா: பாக்கின் டெனர் தனிக்குரலும் தமிழ்க் கீர்த்தனையும்

ஒற்றை டெனர் குரலுக்கென யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய தேவாலயக் கான்டாட்டாக்களில் (குரலும் கருவிகளும் சேர்ந்த பல பகுதி இசைப் படைப்புகளில்) இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. அவருடைய படைப்புப் பட்டியலில் அதன் எண் 55. முன்பு அவர் பெயரில் வழங்கிய 160ஆம் எண் டெலமானுடையது, 189ஆம் எண் மெல்கியோர் ஹாஃப்மானுடையது என்று ஆய்வாளர்கள் பிரித்துவிட்டனர். லைப்சிக்கில் 1726 நவம்பர் 17 அன்று அரங்கேறிய இந்த 55ஐ, 1970களில் குஸ்டாவ் லியோன்ஹார்ட் குழுவினருடன் வியன்னாவின் கர்ட் எக்விலூஸ் பாடிப் பதிவு செய்தார். பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்கள் அனைத்தையும் பழங்காலக் கருவிகளில் பதிவு செய்ய 1971இல் தொடங்கி 1989இல் நிறைவுற்ற பெருந்தொடரில் இதுவும் அடக்கம்.

இந்தப் பதிவு ஓசூர்க் கிறிஸ்தவர் ஒருவருக்கு எந்த அளவுக்கு அந்நியம்? முற்றிலும் அந்நியம் என்பது எளிய விடை. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கான்டாட்டா தமிழகத்துக்கு வராமல் போனதற்குத் தமிழ்ச் செவி காரணமல்ல. ஜெர்மனிக்குள் நடந்த ஒரு சண்டையே காரணம்.

சண்டையின் வேர் ஹாலே நகரில் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஹாலேயின் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். அவ்வியக்கத்தின் பாட்டுப் புத்தகத்தை ஃப்ரைலிங்ஹவுசன் 1704இல் வெளியிட்டார். ஒவ்வொரு மெட்டுக்கும் கீழே எண்கள் குறித்த அடித்தள ஸ்வர வரி ஒன்று மட்டும் உண்டு. வேறு குரல்கள் இல்லை. அதன் துள்ளல் மெட்டுகளை விட்டன்பர்க் இறையியலாளர்கள் கண்டித்தனர். ஹாலேயினரோ மறுபக்கம், ஓபராவின் ஆரியாவும் (தனிக்குரல் பாட்டு) ரெசிட்டேடிவும் (பேச்சுநடைப் பாட்டு) கோயிலுக்குள் நுழைவதை வெறுத்தனர். அவ்விரண்டையும் கொண்டுவந்து புதுவகைக் கான்டாட்டாவுக்கு வடிவம் கொடுத்தவர் எர்ட்மான் நாய்மைஸ்டர். ஹாலே இயக்கத்தின் கடும் எதிரி. அவரே 1722இல் அயல்நாட்டு மிஷன் பணிக்கு எதிராகவும் பிரசங்கித்தார். ஆக, கான்டாட்டாவை வளர்த்தவர் கப்பல் ஏற விரும்பவில்லை. கப்பல் ஏறியவர்கள் கான்டாட்டாவை விரும்பவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது ஞானப்பாட்டு மட்டும். அதன் அடித்தள வரியும் நாளடைவில் உதிர, சபை ஒரே குரலாய்ப் பாடும் மெட்டு மிஞ்சியது.

இதில் ஒரு முரண் உண்டு. பிர்க்மான் என்பவர் எழுதியது என்று 2015இல்தான் அடையாளம் காணப்பட்ட 55இன் பாடல்வரிகள், இரக்கமற்ற ஊழியக்காரனின் உவமையைத் தன்மை ஒருமையில் பேசுகின்றன. தன் பாவத்தைத் தானே எண்ணி நடுங்கும் அந்த 'நான்' ஹாலேயினரின் ஜெபக்கூட்டத்தில் தாராளமாய் உட்காரக்கூடியவன்.

அந்த 'நான்' தமிழில் பாடியது வேறொரு வழியில். 55 அரங்கேறியதற்கு முந்திய மாதம் பிறந்தவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ். பாக் இறந்த 1750இல் அவர் தரங்கம்பாடி வந்தார். அவரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்ட பாளையங்கோட்டைச் சிறுவன் வேதநாயகம் (1774–1864) பின்னாளில் சாஸ்திரியாராகி, பெத்லகேம் குறவஞ்சியும் எண்ணற்ற கீர்த்தனைகளும் இயற்றினார். தாளமின்றி விரியும் விருத்தம் ரெசிட்டேடிவின் வேலையைச் செய்கிறது: சொல்லின் பொருளே கால அளவை முடிவு செய்கிறது. எடுத்த அடிக்கே திரும்பும் பல்லவி, முதற்பகுதிக்கே மீளும் ஆரியாவுக்கு நிகர். எழுதிய ஸ்வரத்தோடு நிற்காமல் குரல் தன் அழகைக் கூட்ட வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொதுவிதி. சாஸ்திரியார் கான்டாட்டாவைப் பார்த்து இதைச் செய்யவில்லை. தஞ்சையில் கையெட்டும் தொலைவில் இருந்த வடிவங்களை எடுத்தார். உறவு வம்சவழியில் வந்ததல்ல, வேலையால் வந்தது. அந்த அளவில், ஹாலேயிலிருந்து நேரே இறங்கிய ஞானப்பாட்டைவிடக் கீர்த்தனையே பாக்கின் தனிக்குரலுக்கு நெருக்கம்.

ஆனால் கீர்த்தனையும் சிக்கலின்றி நிலைக்கவில்லை. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் அதைக் கோயிலிலிருந்து விலக்க முயன்றபோது சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அதே எழுத்து, சபையில் சாதி வேற்றுமை நீடிக்கவும் வாதாடியது. பாட்டுக்கான நியாயத்தை எடுத்துக்கொண்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது நம் இசை வரலாற்று நூல்களின் வழக்கம், அது நேர்மையன்று.

ஓசூர் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான மேடை. 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்து, பிறகு சேலம் மாவட்டத்தோடு சேர்ந்த ஊர். 1970களில் சிப்காட் வந்த பின் தென்மாவட்டத் தொழிலாளர்கள் தங்கள் பாமாலையையும் கீர்த்தனையையும் கையோடு கொண்டுவந்தனர். கர்நாடக எல்லைக்கு அப்பாலோ ஜெர்மன் மெட்டுகள் இன்னொரு வாசலில் நுழைந்தவை: 1834இல் மங்களூரில் தொடங்கிய பாசல் மிஷன் வழியாகக் கன்னடத்தில். இரண்டு மொழிகளில், இரண்டு பாதைகளில் வந்த ஒரே ஜெர்மன் மரபு சந்திக்கக்கூடிய இடம் இது.

இனிப் பதிவுக்கு வருவோம். 55இன் முதல் ஆரியா பாடகரை மேல் ஸ்தாயியிலேயே நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. கார்ல் ரிக்டர் நடத்திய குழுவுடன் எர்ன்ஸ்ட் ஹேஃப்லிகர் பாடிய முந்தைய பதிவு இன்றைய சுருதியில் அமைந்தது; அங்கே ஏக்கம் கம்பீரமாகிவிடுகிறது. லியோன்ஹார்ட் ஏறக்குறைய அரைக் கட்டை இறக்குகிறார். எக்விலூஸின் குரல் மெலிந்தது, பெரிய அரங்குக்கு உரியதல்ல. அதனாலேயே பிரசங்க மேடைக்குக் கீழே நின்று பேசுகிறவரைப்போல் ஒலிக்கிறது. புல்லாங்குழலோடு இரக்கம் கேட்கும் இரண்டாம் ஆரியாவில் அவர் சொற்களை முன்னிறுத்தி நாதத்தைப் பின்தள்ளுகிறார். விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தேர்வின் நியாயம் விளக்கமின்றிப் புரியும். ஹேஃப்லிகரின் குரல் அழகு கூடியது என்பதை ஒப்புக்கொண்டே, எக்விலூஸைத்தான் தேர்கிறேன்.

வேறுபாடு கடைசியில் தெரிகிறது. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்கும் பின் சபை பல்லவியை வாங்கிக்கொள்ளும். பாடுபவர் நெடுநேரம் தனித்திருப்பதில்லை. 55இல் நான்கு பகுதிகள் வரை அவருக்குத் துணைக்குரலே கிடையாது. ஐந்தாவதாக நான்கு குரல் கோரல் (சபைப்பாட்டு) ஒன்று வருகிறது: 1642இல் யோஹான் ஷோப் அமைத்த மெட்டு. 147ஆம் கான்டாட்டாவில் பாக் கையாண்டதும் அதே மெட்டுதான். அந்த வடிவில் அது நம் கிறிஸ்தவத் திருமணங்களில் கீபோர்டில் ஒலிப்பது. ஓசூர்க் கேட்பவர் பதிவில் முதன்முறையாக அடையாளம் கண்டுகொள்ளும் இசை அதுவாகவே இருக்கும். ஆனால் ஹனோவர் சிறுவர் பாடகர் குழு அதைத் துல்லியமாக, சற்று அவசரமாகவே பாடி முடிக்கிறது. நான்கு பகுதிகளாய்த் தனித்து நின்றவனை ஒரு கூட்டம் ஏற்றுக்கொள்ளும் இடம் அது. அதைப் பின்னுரையாக நடத்தியதே, மற்றபடி நான் உயர்வாய் மதிக்கும் இப்பதிவின் குறை.