ஜோர்ஜ் சென்-பியேர் முதலில் பழகியது என்ன?

நமூர் மெத்ரோவில் இறங்கி ஃபெரியே வீதிக்கு நடந்தால் ட்ரைஸ்டார் ஜிம் வரும். எம்எம்ஏ உலகச் சாம்பியன் ஜோர்ஜ் சென்-பியேர் பயிற்சி எடுத்த இடம் அது. "நானும் அவரைப் போல எம்எம்ஏ பழகப் போறன்" என்று சொல்லும் தம்பி தங்கச்சிமாருக்காக, அவர் எதை எந்த வரிசையில் பழகினார் என்று இங்கே எழுதுகிறேன்.

எம்எம்ஏ என்றால் குத்து, உதை, மல்யுத்தம், தரைப்பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. ஆனால் தொடக்கத்தில் அதில் கலப்பு குறைவு. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதலாவது யுஎஃப்சி போட்டி நடந்தது. எட்டுப் பேர் மோதினார்கள். குத்துச்சண்டைக்காரர், சுமோ வீரர், கிக்பாக்ஸர் என்று பெரும்பாலானோர் தங்கள் கலையை மட்டும் நம்பி வந்தார்கள். மெலிந்த உடம்புக்காரரான ரொய்ஸ் கிரேசி, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை வைத்து ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். எந்தக் கலையிலும் ஓட்டை இருக்கிறது என்பதை அன்று எல்லோரும் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் வீரர்கள் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

அந்தப் போட்டியைப் பார்த்து வியந்தவர்களில் கியூபெக்கின் சென்-இசிடோர் ஊர்ப் பையன் ஒருவனும் இருந்தான். 1981இல் பிறந்த ஜோர்ஜ்தான் அவன். பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் அவனைத் துன்புறுத்தியதால், ஏழு வயதில் தகப்பனிடம் கியோகுஷின் கராத்தே பழகத் தொடங்கினான். பிறகு ஓர் ஆசிரியரிடம் போய்க் கறுப்புப் பட்டி வரை பயின்றான். அந்த ஆசிரியர் இறந்த பிறகே மல்யுத்தம், ஜியு-ஜிட்சு பக்கம் திரும்பினான். ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டி கிடைத்தது 2008இல். கராத்தே தொடங்கி அப்போது இருபது வருடங்கள் ஆகியிருந்தன.

கியோகுஷின் போட்டியில் கையுறை இல்லை. தலைக்கு உதைக்கலாம், ஆனால் முகத்தில் கையால் குத்தக் கூடாது. அதனால் ஜோர்ஜுக்குக் குத்துச்சண்டையும் தேவைப்பட்டது. ஒரு கலையை ஆழமாகப் பழகியவருக்குத்தான் அதில் இல்லாதது எது என்று தெரியும். அடுத்து எதைத் தேடிப் போக வேண்டும் என்பதும் தெரியும்.

மல்யுத்தம் பழக அவர் போனது மொன்றியல் மல்யுத்தக் கழகத்துக்கு. அதுவும் எங்கள் பக்கம்தான், ஸ்னோடனில். பாடசாலைக் காலத்தில் மல்யுத்தம் செய்யாதவர், சிறுவயது முதல் அதையே செய்தவர்களைக் கூட மேடையில் கீழே விழுத்தினார். கராத்தேயில் பழகிய தூரக் கணக்கும், சட்டென்று உள்ளே பாயும் கால்களும் அதற்குக் கைகொடுத்தன. பழைய கலை புதிய கலைக்குள் வேலை செய்தது.

அடிப்படை இருந்தால் தோல்வி வராது என்று நினைக்காதீர்கள். 2007 ஏப்ரலில் மற் செரா என்பவரின் குத்துகளில் முதல் சுற்றிலேயே சாம்பியன் பட்டத்தை இழந்தார். ஒரு வருடம் கழித்து, 2008 ஏப்ரல் 19 அன்று, இங்கே பெல் சென்டரில் 21,390 பேர் முன்னால் மறுபடி மோதினார்கள். இந்த முறை ஜோர்ஜ் செராவைத் திரும்பத் திரும்ப விழுத்தி, இரண்டாவது சுற்றில் வென்றார்.

எங்கள் சிலம்பத்திலும் இப்படி ஒரு வரிசை உண்டு. பல ஆசான்மார் முதலில் கால் வைப்பைத்தான் பழக்குவார்கள். கால் சரியாக வராவிட்டால், கம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எதிராளியை எட்டாது.

இதற்கு மாறான உதாரணமும் ட்ரைஸ்டாரிலேயே இருக்கிறது. ரோரி மக்டொனால்ட் பதினான்கு வயதில் நேராக எம்எம்ஏயில் தொடங்கியவர். 2018இல் பெலற்றோர் சாம்பியன் ஆனார். ஆகவே ஒரே ஒரு பாதைதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்பு மாறியவர் அல்ல. வருடக்கணக்காக ஒரே வேலையில் நின்றவர்.

கராத்தேயோ ஜூடோவோ மல்யுத்தமோ, எதில் சேர்ந்தாலும் சரி. "இது அலுப்பாக இருக்கிறது, எம்எம்ஏக்கு மாறட்டா?" என்று அம்மாவிடம் கேட்க முன், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்: இந்தக் கலையில் இல்லாதது என்ன? பதில் தெரியாவிட்டால், அங்கே கற்க இன்னும் நிறைய இருக்கிறது.