மரை கழண்ட கதை

ஒருத்தர் ஏறுமாறாகப் பேசினால் 'மரை கழண்டுடுச்சு' என்று சிரிக்கிறோம். பழைய புல்லட்டைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு அது வசவல்ல, அன்றாடப் பயம். டேங்குக்குப் பெயின்ட், சைலன்சருக்கு குரோம் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். பிரேக்கைத் தாங்கும் போல்ட் விஷயத்தில் மட்டும் 'எதையாவது போடுங்கண்ணே' என்று விட்டுவிடுவார்கள். அந்த 'எதையாவது' எவ்வளவு ஆபத்தானது என்று புரிய, மரையின் வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மான்செஸ்டரில் இயந்திரங்கள் செய்துவந்த ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்து, சராசரி பார்த்து, 1841ல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. 1864ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், செய்வதற்கு இதைவிடச் சுலபம் என்று 60 டிகிரியைச் சொன்னார். அமெரிக்கா அவர் பின்னால் போனது.

அஞ்சு டிகிரிதானே என்று தோன்றும். இரண்டாம் உலகப் போரில் அதன் விலை தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் தயாரிக்க இறங்கிய பேக்கார்ட் கம்பெனி, பிரிட்டிஷ் மரை போடும் டேப்பையும் டையையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1948 நவம்பரில்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. ஜெயித்தது 60 டிகிரி.

இந்தச் சண்டை நம்ம ஊருக்கும் வந்தது. 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட்டோடு பிரிட்டிஷ் அங்குல மரைகளும் வந்து இறங்கின. அடுத்த வருஷமே, 1956ல், இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டது. நாடு மில்லிமீட்டருக்குப் போனது. வண்டி அங்குலத்தில் ஓடியது. பழைய புல்லட் ஒன்றில் இன்று பல வகை மரைகளைப் பார்க்கலாம். முதலில் பூட்டியது ஒன்று, நடுவில் யாரோ மாற்றியது ஒன்று.

சிக்கல் என்னவென்றால், தப்பான மரையும் சில சமயம் பொருந்திவிடும். கால் அங்குல பிரிட்டிஷ் ஃபைன் மரை அங்குலத்துக்கு 26. அதே கால் அங்குல சைக்கிள் மரையும் 26தான். கோணம் மட்டும் முன்னதில் 55, பின்னதில் 60. நட்டு அழகாக ஏறும். ஆனால் மரையின் சரிவு முழுக்கப் பதியாமல் ஓரத்தில் மட்டும் தொடும். இன்னொன்று: 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். அந்த ஓட்டையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ரெண்டு சுற்று போகும், பிறகு இறுகும். 'ஸ்பேனர் போட்டு இழுத்தா உக்காந்துரும்' என்பார்கள். உட்காரத்தான் செய்யும், அலுமினியத்தில் இருந்த மரையை அறுத்துக்கொண்டு.

மரை சரியாக இருந்தாலும் இரும்பு சரியாக இருக்க வேண்டும். மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், முதல் எட்டு அறுபடும் பலம்: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், சுமார் 80 கிலோ. புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் போல்ட் நிரந்தரமாக நீளாது என்கிறது. கணக்குப் போட்டால், 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று அறுபட ஏறக்குறைய மூன்று டன் இழுவை வேண்டும். பளபளக்குதே என்று எல்லோரும் வாங்கும் ஸ்டெயின்லெஸ்ஸில் பொதுவாகக் கிடைக்கும் ஏ2-70க்கு இது 700தான்.

ஆனால் தலையில் இருக்கும் எழுத்து ஒரு வாக்குறுதி மட்டும்தான். அமெரிக்காவில் உயர்தர 'கிரேடு 8' போல்ட்டுக்குத் தலையில் ஆறு கோடு போடுவார்கள். 1980களில் அதே ஆறு கோட்டோடு, மலிவான போரான் எஃகில் செய்த போல்ட்டுகள் சந்தையில் நிறைந்தன. சாதாரணமாக இழுத்துப் பார்த்தால் தாங்கும். சூடு ஏறினால் பலம் இறங்கும். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. போல்ட்டுக்கென்றே 1990ல் தனிச் சட்டம் போட்டார்கள். விட்வொர்த் காலத்தில் நட்டு ஏறவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பொய் அறுபடும்வரை தெரியாது.

அதனால் பழைய வண்டியில் கைவைக்கும்போது சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். கழற்றிய போல்ட்டை உடனே தூக்கிப் போடாதீங்க. எந்த ஓட்டையில் எது இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. மரை கேஜ் வைத்துப் பாருங்க. பழையதையும் அதே அளவுப் புதியதையும் மரையோடு மரை சேர்த்துப் பிடித்தால், நீண்டுபோனது விலகிக் காட்டிக்கொடுக்கும். தலையில் கிரேடு எண்ணும் தயாரித்தவர் குறியும் இல்லாத புது போல்ட்டை பிரேக், ஸ்டீயரிங், அச்சு பக்கம் கொண்டு போகாதீங்க. குறி இருந்தாலும், பில் கொடுக்கிற, நாளைக்கும் அங்கேயே இருக்கிற கடையில் வாங்குங்க.

கடைசியாக, ஸ்பேனரை எடுக்கும் முன் நட்டைக் கையாலேயே முழு நீளத்துக்கும் சுற்றிப் பாருங்க. நடுவில் நின்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். கழற்றி, வேற போல்ட் தேடுங்க.