அடைக்கோழியும் வந்த சேவலும்

நாமக்கல் என்ற பெயர் இன்று கம்பிக் கூண்டுகளில் வரிசையாக நிற்கும் முட்டைக்கோழிகளையே நினைவூட்டினாலும், 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இச்சமவெளியில், அப்பண்ணைகளுக்கு நெடுங்காலம் முன்பே, வீட்டின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து கோழிகளை மேயவிட்டு வளர்க்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. கால்நடைத் துறையினர் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ எனக் குறிப்பிடும் இம்முறையில் மந்தை ஓரினமாக இருந்ததில்லை. உடல் சிறுத்த சிறுவிடை, உயரமும் எடையும் மிக்க பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான், தலையில் இறகுக்கொத்துடைய கொண்டைக்கோழி ஆகியவை, கொங்கு வட்டாரத்தில் குடாப்பு எனப்படும் இரவுக் கூட்டில் ஒன்றாகவே அடைந்தன. இக்கலப்பைச் சீர்கேடாகக் கருதுவது பிழை. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழியே ஆயினும், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு தீபகற்ப இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியதால், கோழி என்ற உயிரே கலந்து உருவானது எனலாம்.

இம்மந்தையை ஆண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். முட்டையும் குஞ்சும் விற்ற காசு, குடும்பக் கணக்கில் சேராமல் பெண்கள் தமக்கெனச் சேர்க்கும் சிறுவாட்டுப் பணமானது. கோழி வாங்க வசதியற்றவர் பிறருடைய பெட்டையை வாரத்துக்கு, அதாவது பொரிக்கும் குஞ்சுகளில் பங்கு என்ற உடன்பாட்டில், வளர்த்தார். எந்தப் பெட்டை இருபத்தொரு நாளும் முட்டைகளைவிட்டு அகலாமல் அடைகாக்கும், எது பருந்தை எதிர்த்துக் குஞ்சுகளைக் காக்கும் என்பதை அறிந்து, நன்றாக இட்ட கோழியின் முட்டைகளை நன்றாக அடைகாக்கும் கோழியின் அடியில் வைத்த அவர்களது செயல், ஏட்டில் எழுதப்படாத இனத்தேர்வேயாகும். சேவல்களுள் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை சந்தைக்கும் சட்டிக்கும் முனியப்பனுக்கு நேர்ந்த பலிக்கும் சென்றதால், எஞ்சிய சேவலே அடுத்த தலைமுறையின் தோற்றத்தை முடிவு செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்த முயற்சிகள் இந்தச் சேவலையே குறிவைத்தன. மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையமும், விடுதலைக்குப்பின் அரசுத் திட்டங்களும், இத்தாலிய வழிவந்த வெள்ளை லெகார்ன், அமெரிக்காவின் ரோட் ஐலண்டு ரெட் போன்ற இனங்களைக் கொண்டு நாட்டுக்கோழியை மேம்படுத்த முனைந்தன. முட்டை கூடியது உண்மை. ஆனால் அடைபடுக்கும் இயல்பு நீங்கும்படி தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லெகார்னின் வழித்தோன்றல்களுக்கு அடை தளர்ந்தது, வெண்ணிற இறகோ பருந்தின் கண்ணுக்கு எளிதில் பட்டது. பொரிப்பு இயந்திரமில்லாத வீட்டில், சீமைக்கோழியின் முட்டைக்கும் சிறுவிடையின் வயிற்றுச் சூடே தேவைப்பட்டது.

புறக்கடையைப் பெரிதும் அழித்தது வெள்ளைக்கழிச்சல். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலைப்பகுதியின் ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிகெட் எனவும் பெயர்பெற்ற இந்நோய், கோடையில் ஒரு குடாப்பையே வெறுமையாக்க வல்லது. தடுப்பூசி வந்தபின்னும் துயரம் முழுதும் தீரவில்லை. நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய அளவில் குப்பிகளில் அடைக்கப்பட்டு, குளிரில் வைக்கப்பட்டு, திறந்த சில மணிநேரத்தில் செலவழிக்கப்பட வேண்டிய மருந்து, பத்துக் கோழி வைத்திருப்பவருக்கென அமைந்ததன்று. தீவனத்தைப் போலத் தின்னக்கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியதன் பொருத்தம் இங்கேதான் விளங்குகிறது.

இதற்கிடையே நாமக்கல்லில் கூண்டுப் பண்ணைகள் பெருகின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் 1985இல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தோன்ற, 1989இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. அதுவரை வெறும் முட்டையாக இருந்தது, பண்ணை முட்டை எதிரே நின்றபின் ‘நாட்டு முட்டை’ ஆயிற்று. அடைமொழியோடு விலையும் ஏறியது. அந்த விலையை நம்பி எழுந்த நாட்டுக்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகள் இயந்திரத்திலேயே பொரிக்கப்படுகின்றன. பெட்டை அடைபடுக்கும் நாட்கள் அங்கே முட்டையிழப்பாகக் கணக்கிடப்படுகின்றன. அடையைத் தெளிவிக்கக் கோழியைத் தண்ணீரில் முக்கியெடுக்கும் பழைய வீட்டுமுறை மட்டும் இன்றும் அறியப்பட்டதாகவே இருக்கிறது.