வைக்கோற்போருக்குள் ஒரு டயர்

எங்கள் அத்தை கழுத்தில் அட்டிகையைப் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் அது இருந்தது. சிவப்புக்கல் அட்டிகை என்று சொல்வார்கள். சிறு பையனாக இருந்தபோது ஒரு நாள், "அந்த அட்டிகை எங்கே அத்தை?" என்று கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அதையா? உங்க மாமா லாரிக்கில்ல மாட்டிப்பிட்டாரு!" என்றாள்.

லாரிக்கு எந்த இடத்தில் அட்டிகை மாட்டுவார்கள் என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிற இடமாக இருக்கலாம் என்று தீர்மானம் செய்து வைத்திருந்தேன். பிறகுதான் சமாசாரம் புரிந்தது. 1943-ம் வருஷத்தில், நான் பிறப்பதற்கு முன்பே, அந்த அட்டிகை ஒரு டயராகவும் ஒரு ட்யூபாகவும் உருமாறிவிட்டிருந்தது.

மாமாவுக்குத் திருமங்கலத்தில் ஒரே ஒரு லாரி. கரிசல் காட்டிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருவார். திரும்பும்போது மளிகைச் சாமான். அந்தச் சமவெளியை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே டயருக்கு எத்தனை சத்துருக்கள் என்று. வெயில் காலத்தில் ரோட்டுச் சரளை உளியைப் போல் அறுக்கும். ஓரம் ஒதுங்கினால் கருவேலமுள். மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணி நடு ரோட்டில் நிமிர்ந்து நிற்கும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், கரிசல் மண் சக்கரத்தைச் சுற்றி அப்பம்போல் அப்பிக்கொண்டு, லாரியை ஓரடி நகரவிடாது. சாதாரணக் காலத்திலேயே டயர் என்பது லாரிக்காரனுடைய ஆயுள் கணக்கு. யுத்த காலத்தில் கேட்க வேண்டுமா?

1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்தாற்போல் ஜாவா, சுமத்ரா. உலகத்தின் இயற்கை ரப்பரில் பத்துக்கு ஒன்பது பங்கு சில வாரங்களுக்குள் ஜப்பான் வசமாகிவிட்டது. பிரேசில் நாட்டுக் காட்டு மரத்தின் விதைகளை 1876-ல் ஓர் ஆங்கிலேயர் லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அந்த மரங்களின் பாலை நம்பித்தான் உலகத்து மோட்டார்கள் எல்லாம் உருண்டு கொண்டிருந்தன. செல்வத்தில் கொழித்த அமெரிக்காவிலேகூட, யுத்தத்தில் முதன்முதலாக ரேஷன் வந்தது சர்க்கரைக்கு அல்ல, டயருக்குத்தான். 1942 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பிறகு அங்கே பெட்ரோலைக் கட்டுப்படுத்தியதும், மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் கார் ஓட்டாதே என்று உத்தரவு போட்டதும் முக்கியமாக ரப்பரை மிச்சம் பிடிப்பதற்காகவே. பெட்ரோலிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவர்கள் அவசர அவசரமாகக் கட்டினார்கள். திருமங்கலத்துக்கு அந்த ரப்பர் வந்து சேரவில்லை.

இங்கே மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில் ரப்பர் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குமுளி ஏறி அப்பால் இறங்கினால் தோட்டந்தான். இலங்கையிலும் இருந்தது. நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த ரப்பரில் பெரும்பகுதி இலங்கை ரப்பர்தான். மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பட்டையைத் தாறுமாறாகச் சீவிப் பால் எடுத்தார்கள். எல்லாம் யுத்தத்துக்கே போயிற்று. அக்காலத்து டயரின் உடம்பு பருத்தி நூலால் ஆனது. பருத்தி விளைகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு, பருத்திப் பொதியை ஆலைக்குச் சுமக்கிற மனிதர், டயர் இல்லாமல் தவித்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாமாவுக்குச் சிரிப்பு வந்திராது.

இந்த இடத்தில் மலாயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பால்மரங்களை வெட்டியவர்கள் யார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் கப்பலேறிப் போன நம்மவர்கள். ஜப்பான் பிடித்த பிறகு அத்தனை ரப்பரையும் வாங்க ஆளில்லை. தோட்டங்கள் படுத்துவிட்டன. வேலையற்றுக் கிடந்த தமிழர்களைத்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனார்கள். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் பசியிலும் அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் என்று ஒரு மதிப்பு. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஒரே சமயத்தில் ரப்பர் இல்லாமல் இங்கே லாரி நின்றது; ரப்பர் விலைபோகாமல் அங்கே மனிதன் செத்தான்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். 1942-ல் இந்தியாவிலும் டயருக்கு ரேஷன் வந்தது. பர்மிட் இல்லாமல் கடையில் டயரைத் தொட முடியாது. அவசியமான வேலைக்கு ஓடுகிற வண்டிகளுக்கே முதலிடம். பர்மா போனதோடு பர்மா அரிசியும் போய்விட்டபடியால், மாமா பருத்தியை விட்டுவிட்டு, ரயில் கூட்ஸ் ஷெட்டிலிருந்து கிராமங்களுக்கு அரிசி மூட்டை அடித்துக்கொண்டிருந்தார். இதைவிட அவசியமான வேலை எது? ஆனாலும் ஓர் ஆபீசுக்கு அவர் பதினோரு தடவை நடந்தார். பன்னிரண்டாவது தடவை, "உம்ம காகிதம் மேலே போயிருக்கு" என்றார்களாம். அது எவ்வளவு மேலே போயிற்றோ, கடைசிவரை இறங்கவே இல்லை.

அந்தக் கஷ்ட காலத்தில் மதுரை தனக்குத் தானே ஒரு வழி செய்துகொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். வக்கீல் தொழிலையும், ரயில்வே உத்தியோகத்தையும், பாங்கு உத்தியோகத்தையும் பார்த்துவிட்டு 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி, பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கரிவாயுக் கருவி செய்து பஸ்களில் பொருத்தியது. பஸ்ஸின் பின்புறம் ஒரு கொதிகலன் மாதிரி உருளை; அதில் அடுப்புக்கரி; கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனல் மூட்டுவான். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். வெள்ளை வேஷ்டியோடு ஏறியவர் கறுப்பு வேஷ்டியோடு இறங்குவார். ஆனாலும் பஸ் ஓடியது. தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் போடுகிற ரீட்ரெடிங் தொழிற்சாலையையும் அதே கம்பெனி தொடங்கிற்று.

புதுத்தோல் போடுவது மந்திரமல்ல. தேய்ந்த டயரை விரித்து, விளக்கைப் பிடித்து, உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே நூல் அறுந்திருந்தால், ஈரம் ஏறி மக்கியிருந்தால், அது பிணம். எடுத்துப் போய்விட வேண்டியதுதான். உடம்பு கெட்டியாக இருந்தால், மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி ஒட்டி, அச்சுக்குள் வைத்து நீராவிச் சூட்டில் வேகவைப்பார்கள். ரப்பரில் கலந்த கந்தகம் அந்தச் சூட்டில் வேலை செய்து பழசையும் புதுசையும் ஒன்றாக்கிவிடும். புது டயருக்கு ஆகிற ரப்பரில் ஒரு பகுதி போதும். மொட்டை ஆவதற்கு முன்னாலே கொண்டு வருகிறவனுக்குத்தான் இந்தப் பாக்கியம். "இன்னும் ஒரு நடை அடிச்சுக்கலாம்" என்று ஓட்டியவன் நூலையும் தின்றுவிட்டு வந்து நிற்பான். மாமா இரண்டாவது ரகம். அவரைக் குறை சொல்வதற்கில்லை; அந்த ஒரு நடையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆகவே அட்டிகை போயிற்று. ஒரு வியாபாரியிடம் இரவோடு இரவாக டயர் வாங்கி வந்தார். பர்மிட் இல்லாத டயர். போலீஸ் பயம் ஒரு பக்கம், திருட்டுப் பயம் மறு பக்கம். சாக்கில் சுற்றிக் கொல்லையில் இருந்த வைக்கோற்போருக்குள் செருகினார். தீபாவளி மழைக்கு முன்னால் மாட்டுவதாக ஏற்பாடு. ஆனால் வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தனவே! தினம் வைக்கோல் பிடுங்கப் பிடுங்கப் போர் இளைத்துக்கொண்டே வந்தது. "இன்னும் எட்டு நாளிலே டயர் எட்டிப் பார்த்திடும்" என்று அத்தை கணக்குப் போட்டுச் சொன்னாளாம். மாமா அடுத்த வீட்டிலிருந்து வைக்கோல் கடன் வாங்கிப் போரை ஊட்டினார். மாடுகளுக்கு அவ்வளவு உபசாரம் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

டயரை மாட்டியது ஐப்பசி முதல் வாரம். உசிலம்பட்டி ரோட்டில், அரிசி மூட்டையோடு, இரண்டாவது நடையிலேயே அது வெடித்தது. லாரி சாய்ந்து பள்ளத்தில் இறங்கிற்று. கிளீனர் பையன் காலில் மூட்டை சரிந்து எலும்பு முறிந்தது. கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மொட்டை டயரில் கத்தியால் பள்ளம் கீறி, கறுப்பு மை பூசிப் புதுசாக்கியிருந்தார்கள். உள்ளே நூல் திரி திரியாகத் தொங்கிற்று. புகார் செய்யவும் வழியில்லை. வாங்கியதே கள்ளத்தனம் அல்லவா? இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டிகள் வந்து அரிசியைக் கிராமத்துக்கு எடுத்துப் போயின. அந்த வண்டிகளுக்குச் சிங்கப்பூர் விழுந்ததே தெரியாது.

லாரி இரண்டு வருஷம் கருங்கல்மேல் நின்றது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களைச் சர்க்கார் ஏலம் போட்டபோது, மாமா இரண்டு மிலிடரி டயர்களைச் சக்கரத்தோடு கொண்டு வந்தார். ஏர் உழுத சால் மாதிரி ஆழமான பட்டன்கள். கரிசல் சேற்றைப் பிடித்துக்கொண்டு யானைபோல் ஏறும் என்று சாகும்வரை புகழ்ந்தார். தார் ரோட்டில் மட்டும் வண்டுபோல் இரைந்துகொண்டு சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். அந்த மாதிரிக் காட்டு டயர்கள் இன்று மதுரைக்குப் பக்கத்திலேயே, மேலூர் போகிற வழியில் வெள்ளரிப்பட்டியில் தயாராகிக் கப்பலேறுகின்றன. 1982-ல் ஏற்பட்ட டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா கம்பெனி அது. மாமா இருந்து பார்த்திருந்தால் வாசலிலேயே ஒரு நாள் முழுக்க நின்றிருப்பார்.

வெடித்த டயரை அத்தை எறியவிடவில்லை. சக்கிலியத் தெருவுக்குக் கொடுத்தனுப்பிச் செருப்புத் தைக்கச் சொன்னாள். ஆறு ஜோடி வந்தது. முதல் ஜோடி அந்தக் கிளீனர் பையனுக்கு. கால் கூடியபோது ஒரு பக்கம் சற்றுக் குட்டையாகிவிட்டிருந்ததால், இடது செருப்புக்கு மட்டும் இரண்டு அடுக்கு டயர் வைத்துத் தைத்திருந்தார்கள். நான் அவரைப் பார்த்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேறு செருப்பு, ஆனால் இடது பக்கம் அப்போதும் இரண்டு அடுக்குத்தான்.