வாளும் துருவும்

காந்தலூரிலிருந்து மறையூர்ப் பக்கம் இறங்கினால், கோவில்கடவை அடுத்த பாறைப் பரப்பில் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பெரும்பலகை மூடிய முனியறைகளைக் காணலாம். முனிவர் தவமிருந்த அறைகள் என்பது ஊர் ஐதிகம், பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு.

அக்காலத்தார் இரும்பின் மர்மம் அறிந்தவர்கள். மறையூரை ஒட்டி ஓடும் பாம்பாறு அமராவதியுடன் சேர்ந்து காவிரியை அடைகிறது; அதே காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், உருக்கு வடித்த உலைகளும் இறந்தோரோடு புதைத்த வாள்களும் வெளிப்பட்டன. உடையவனோடு மண்ணுக்குள் போன அவ்வாள்களைப் பின்னர்த் துடைக்க ஆளேது? துரு தின்று மீந்ததே நமக்குக் கிட்டியது.

ஜப்பானியர் சம்பிரதாயம் வேறு. எழுநூறு, எண்ணூறு ஆண்டுக்கு முந்திய வாள்கள் அங்கே இன்றும் பளபளக்கின்றன என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் சிரத்தையோடு துடைத்து வந்திருக்கிறார் என்று பொருள். கியோத்தோவின் ஹோனாமி குடும்பத்தார் வாளைத் தீட்டுவதையும் மதிப்பிடுவதையுமே குலவித்தையாகக் கொண்டிருந்தனர். 1876-இல் பொதுமக்கள் வாள் தரிப்பது தடை செய்யப்பட்ட பிறகும் அவ்வித்தை நசித்துவிடவில்லை. பிடியைப் பூட்டிய மூங்கில் ஆணியைத் தட்டியெடுத்துப் பிடியைக் கழற்றுவர்; மூச்சின் ஈரம் படாதிருக்க வாயில் காகிதம் கவ்விக்கொள்வாரும் உண்டு. கசக்கி மென்மையாக்கிய காகிதத்தால், வாளின் முதுகுப்புறம் பற்றி, அடியிலிருந்து நுனி நோக்கிப் பழைய எண்ணெயை வழித்து, பட்டில் முடிந்த சாணைக்கல் பொடியை மெல்லத் தட்டி, மீண்டும் துடைத்து, கிராம்பு மணக்கும் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பூசுவர். அப்பொடியையும் அடிக்கடி தட்டினால் மெருகு கெடும். அதிக ஆசாரமும் ஆபத்துத்தான்!

இவற்றினும் என்னைக் கவர்ந்தது, பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் கருந்துருவை அவர்கள் ஒருகாலும் தேய்ப்பதில்லை என்பது. கொல்லன் பெயர் பொறிப்பது அங்கேதான். வாளின் வயதுக்கு அத்துருவே சாட்சி. அதைச் சுரண்டியவன் வாளின் மதிப்பையே சுரண்டியவனாவான்.

நம் வீடுகளிலோ, பழைய இரும்பு கண்ணில் பட்டவுடன் செங்கற்பொடியும் உப்புத்தாளும் கைக்கு வந்துவிடுகின்றன. மறையூர், காந்தலூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு அன்பர்களே, முனியறைப் பக்கம் துருவேறிய இரும்புத் துண்டொன்று தென்பட்டால், அதைத் தேய்க்காமல், இடம் பெயர்க்காமல், தொல்லியல் துறையாருக்குச் சொல்லியனுப்புங்கள்.