காரணம் அறியப்படாத காய்ச்சல்

காரணம் அறியப்படாத காய்ச்சல் என்பது, பல நாட்கள் நீடித்தும், வழமையான சோதனைகளால் காரணம் கண்டறியப்படாத காய்ச்சலைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. நோயறிதல் முற்றுப்பெறாத நிலைக்கு மருத்துவர்கள் இட்ட பெயராகும். இக்காய்ச்சலின் பின்னணியில் இருப்பது பெரும்பாலும் அரிய நோயன்று. பரவலாக அறியப்பட்ட நோயொன்று வழக்கத்துக்கு மாறான வடிவில் வெளிப்படுவதே ஆகும்.

வரையறை

1961 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான இராபர்ட் பீட்டர்சுடார்ஃப், பால் பீசன் ஆகியோர் 100 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கு வரையறை வகுத்தனர். உடல் வெப்பநிலை பலமுறை 38.3 °செ (101 °ஃபா) அளவைத் தாண்டுதல், காய்ச்சல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தல், ஒரு வாரம் மருத்துவமனையில் ஆராய்ந்தும் காரணம் புலப்படாமை என்பன அதன் மூன்று கூறுகள். 1991 இல் டுராக், இசுட்ரீட் ஆகியோர் இதனை நான்கு வகைகளாகப் பிரித்தனர். அவை வழமையான வகை, மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது தோன்றுவது, வெள்ளணுக் குறைவுள்ளோருக்குத் தோன்றுவது, எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்குத் தோன்றுவது என்பனவாகும்.

சிலருக்கு வெப்பநிலை இந்த அளவை எட்டாவிடினும், சி-எதிர்வினைப் புரதம், செவ்வணுப் படிவு வீதம் ஆகியன தொடர்ந்து உயர்ந்திருக்கும். இந்நிலை காரணம் அறியப்படாத அழற்சி எனப்படும். இதனையும் ஏறத்தாழ அதே முறையிலேயே ஆராய்கின்றனர்.

காரணங்கள்

வயது வந்தோரில் காணப்படும் காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நோய்த்தொற்றுகள்: இந்தியாவில் காசநோய் இவற்றுள் முதன்மையானது. குறிப்பாக நுரையீரலுக்கு வெளியே நிணநீர்க்கணு, முதுகெலும்பு, வயிறு ஆகிய இடங்களில் தோன்றும் காசநோயை எளிதில் அறிய முடிவதில்லை. உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி, இதய உள்ளுறை அழற்சி, புருசெல்லா தொற்று என்பன பிற.

புற்றுநோய்கள்: நிணநீர்ப் புற்றுநோய், குருதிப் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய்.

தொற்றில்லா அழற்சி நோய்கள்: லூபசு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், குருதிக்குழாய் அழற்சிகள், வயது வந்தோருக்கான இசுடில் நோய். இசுடில் நோயில் நாள்தோறும் கடுங்காய்ச்சல் ஏறி இறங்கும். காய்ச்சலின்போது இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றி மறையும். குருதியில் ஃபெரிட்டின் அளவு மிக உயரும். இதனை உறுதிப்படுத்தும் தனிச் சோதனை ஏதுமில்லை. எனவே தொற்று, புற்றுநோய் ஆகியவற்றை விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வர இயலும்.

பிற: மருந்துகளால் ஏற்படும் காய்ச்சல், தைராய்டு அழற்சி முதலியன. உரிய மருந்தை நிறுத்தினால் மருந்துக் காய்ச்சல் பொதுவாக மூன்று நாட்களுக்குள் தணியும்.

நோயறிதல்

விரிவான விசாரணையே முதற்படியாகும். தொழில், பயணம், கால்நடைத் தொடர்பு, காய்ச்சாத பால் அருந்தும் வழக்கம், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் காசநோய் ஆகியவை கேட்டறியப்படும். பின்னர் தலை முதல் கால் வரை உடல் ஆராயப்படும். புதிய அறிகுறி தோன்றக்கூடுமாதலால் இவை இரண்டையும் மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும்.

குருதி அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் சோதனைகள், சிறுநீர்ச் சோதனை, எச்.ஐ.வி. சோதனை, மார்பு ஊடுகதிர்ப்படம், வயிற்று மீயொலிப்படம் ஆகியன தொடக்கச் சோதனைகள். குருதி வளர்ப்புச் சோதனைக்கான மாதிரிகளை, நுண்ணுயிர் எதிர்ப்பி தருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். குடற்காய்ச்சலுக்கான வைடால் சோதனை ஒருமுறை நேர்மறையாக வருவது மட்டும் சான்றாகாது. முன்னர் ஏற்பட்ட தொற்றும் அம்முடிவைத் தரக்கூடும்.

தொடக்கச் சோதனைகளில் கிடைக்கும் தடயத்தைப் பொறுத்து நிணநீர்க்கணு, எலும்பு மச்சை, கல்லீரல் ஆகியவற்றில் திசு ஆய்வு மேற்கொள்ளப்படும். பெட்-சிடி படம் அழற்சியுள்ள இடத்தைக் காட்டும். அது எந்த நோய் என்பதைக் காட்டாது. எனினும் எவ்விடத்தில் திசு எடுக்கலாம் எனத் தீர்மானிக்க அது உதவுகின்றது.

மருந்தளிப்பில் எச்சரிக்கை

காரணம் தெரியாமல் தரப்படும் மருந்து நோயை மறைத்துவிடலாம். இசுடீராய்டு மருந்து காய்ச்சலைத் தணித்து, குணமானது போன்ற தோற்றத்தைத் தரும். ஆனால் உள்ளிருப்பது காசநோயாயின் அது பரவ ஏதுவாகும். நிணநீர்ப் புற்றுநோயாயின் திசு ஆய்வின் முடிவே மாறக்கூடும். லெவோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோயைத் தற்காலிகமாக அடக்கி, அதனைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும். எனவே நோயாளியின் நிலை சீராக இருக்கும்வரை காத்திருந்து ஆராய்வதே சிறந்தது. உயிருக்கு ஆபத்தான குருதி நச்சு நிலை, வெள்ளணுக் குறைவு, பார்வை இழப்பு ஏற்படுத்தக்கூடிய தமனி அழற்சி ஆகியன இதற்கு விலக்குகள். இவற்றில் உடனடி மருத்துவம் தேவை.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் இம்மாவட்டத்தில் சிதறால், குலசேகரம் போன்ற பகுதிகள் குன்றும் இரப்பர்த் தோட்டமும் நிறைந்தவை. இத்தகைய சூழலில் வாழ்வோருக்குக் காய்ச்சல் வரும்போது, தமிழ்நாட்டில் காணப்படும் உண்ணிக் காய்ச்சலையும் (இசுகிரப் டைபசு) எலிக் காய்ச்சலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இவை பொதுவாக மூன்று வாரத்துக்குட்பட்ட காய்ச்சல்களாயினும், தவறவிடப்பட்டால் உயிரிழப்பில் முடியக்கூடும்.

உண்ணிக் காய்ச்சல், புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவுகின்றது. கடித்த இடத்தில் வலியற்ற கரும்பொருக்கு தோன்றலாம். அது அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி போன்ற மறைவிடங்களில் அமைவதால் நோயாளியே அதனை அறிவதில்லை. ஆடை விலக்கிப் பார்க்காத மருத்துவருக்கும் அது தென்படாது. பெனிசிலின், செஃபலோசுபோரின் வகை மருந்துகளுக்கு இந்நோய் கட்டுப்படாது. டாக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் தேவை. கடுமையான நிலையில் இவ்விரண்டையும் சேர்த்துத் தருவதே மேலானது என, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவில் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இம்மாவட்ட நோயாளிகள் உள்ளூர் மருத்துவமனையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ செல்வதுண்டு. அவ்வாறு மாறும்போது வெப்பநிலைக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள், சோதனை முடிவுகள் ஆகியவற்றை நாள்வாரியாக எடுத்துச் செல்வது, செய்த சோதனைகளையே மீண்டும் செய்வதைத் தவிர்க்க உதவும்.

நோய்ப்போக்கு

விளைவு, அடிப்படை நோயைப் பொறுத்து அமையும். விரிவான ஆய்வுக்குப் பின்னரும் ஒரு பகுதியினருக்குக் காரணம் புலப்படுவதில்லை. அவர்களுள் பலருக்குக் காய்ச்சல் தானாகவே நீங்கிவிடுகின்றது. ஆயினும் அவர்கள் தொடர் கண்காணிப்பில் இருத்தல் அவசியமாகும்.