கோட்டை கடல் கடந்த கதை

பகைவர் மதிலை வளைத்துத் தாக்கினால் உழிஞை. உள்ளிருந்து காத்தால் நொச்சி. பழந்தமிழர் போரை இப்படிப் பூப்பெயர்களால் வகுத்தார்கள். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். அவனிடம் புலவர் கோவூர் கிழார் எடுத்துச் சொன்னதோ பாலுக்கு அழும் குழந்தைகளையும் தண்ணீரில்லாத வீடுகளையும். மதிலுக்குள் ஓர் ஊர் தவித்துக்கொண்டிருந்தது.

சங்கப் பாடல்களில் அரண், எயில், மதில் என்பனவே பெருவழக்கு. ‘கோட்டை’ வளைவைக் குறிக்கும் ‘கோடு’ என்பதோடு உறவுடையது என்பர். சமஸ்கிருதத்தின் ‘கோட்ட’ திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த வடசொல் வழியாக மலாய்க்குப் போய்ச் சேர்ந்ததுதான் ‘கோத்தா’. மண்ணாலோ மரத்தாலோ எழுப்பிய காவலரணுக்கு மலாயில் ‘குபு’ என்ற சொல்லும் உண்டு. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள கோலா குபுவின் பெயரில் இருப்பது அதுவே.

அதே சிலாங்கூரில், சிலாங்கூர் ஆறு கடலில் விழும் இடத்தில் மெலாவாத்தி குன்று இருக்கிறது. கோலா சிலாங்கூர்க் கோட்டை இருந்தது அதன்மேல்தான். உள்நாட்டு ஈயம் அந்த ஆற்று வழியே இறங்கியது. ஆற்று வாயைப் பிடித்தவர் கையில் வணிகம். ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவில் டச்சுக்காரர்களை முற்றுகையிட்டபோது சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிமும் துணை நின்றார். 1784 ஜூனில் ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தார். ஆகஸ்டில் டச்சுக் கப்பற்படை கோலா சிலாங்கூர்க் கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை அதற்குச் சூட்டியது. பகாங்குக்குத் தப்பிய சுல்தான், மறு ஆண்டு ஜூனில் பகாங் படைத்துணையோடு திரும்பி வந்து கோட்டையை மீட்டார். டச்சுப் பெயர் நிலைக்கவில்லை.

கோத்தாவின் பொருளோ விரிந்தது. இன்றைய மலாயில் அது நகரத்தையும் குறிக்கும். கோத்தா பாரு என்றால் புதுக்கோட்டை. கோத்தா திங்கி என்றால் உயர்ந்த கோட்டை. தமிழ்நாட்டிலும் பட்டுக்கோட்டை, அருப்புக்கோட்டை என்று சொல்லும்போது நம் மனத்தில் வருவது ஊர்தான், மதில் அல்ல. இரு மொழிகளிலும் சொல் ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறது. அரசர்கள் படைக்காக எழுப்பிய சுவருக்குள் மக்கள் குடியிருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த ஊருக்கே பெயர் நிலைத்தது. பழம்போர்களைப் படிக்கும்போது யார் வென்றார் என்பதோடு, உள்ளே யார் இருந்தார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும். கோவூர் கிழார் கேட்டதும் அதுதான்.